கெளுத்தி வாயை மூடிய கதை

உப்பைத் தொட்டுச் சத்தியம்! கடலைப் பார்த்து நின்று சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால், இந்த வாய்க்கு இனிமேல் மீன் குழம்பே கிடையாது, ஆயுசுக்கும் வெறும் புளித்தண்ணிதான். இதற்கு மேல் என்ன சத்தியம் வேண்டும்? நம்புகிறவர்கள் உட்காருங்கள். நம்பாதவர்களும் உட்காருங்கள், கதை முடியும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் தண்ணீரில் கிடக்கிறதுக்கும் பேச்சு இருந்தது, கரையில் நடக்கிறதுக்கும் பேச்சு இருந்தது. ஒன்று பேசினால் மற்றதுக்கு விளங்கவும் செய்தது. நண்டு வம்பு பேசும். இறால் எதற்கெடுத்தாலும் சிரிக்கும். மடவை மீன் யார் என்ன சொன்னாலும் 'ஆமா, ஆமா' போடும். சேற்றில் கிடக்கும் மட்டிச் சிப்பி, சொல்லுக்கு விலை உண்டென்பதுபோல அளந்து பேசும். இவர்கள் எல்லோருடைய பேச்சையும் தராசில் ஒரு தட்டில் வைத்து, கொம்பையாவின் பேச்சை மறு தட்டில் வைத்தால், கொம்பையாவின் தட்டுத்தான் தரையில் போய் இடிக்கும்.

கொம்பையா ஒரு கெளுத்தி மீன். ஆறும் கடலும் சந்திக்கிற ஒரு காயலில் அவனுக்குக் குடியிருப்பு. காயலின் ஒரு பக்கம் ஆறு வந்து விழும். மறுபக்கம் கடலுக்குத் திறக்கிற வாய் இருக்கும். அதற்குப் பொழி என்று பேர். மழைக்காலத்தில் பொழி திறந்து கிடக்கும். கோடையில் கடலே மணலைத் தள்ளிக்கொண்டு வந்து அதை அடைத்துவிடும். திறந்தால் உப்பு ஏறும். அடைத்தால் தண்ணீர் தேங்கும். வெயில் காய்ந்தால் இருக்கிற உப்பு இறுகும், மழை பெய்தால் இளகும். காயலில் குடும்பம் நடத்துவது தினம் ஒரு வீடு மாறுவது மாதிரி. வீடு அங்கேயேதான் இருக்கும், தண்ணீர்தான் மாறிக்கொண்டே போகும்.

அதனால் காயலுக்குத் தண்ணீரை ருசி பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கெளுத்திக் குலத்துக்கு ஆறு மீசை. அழகுக்கு வைத்த மீசை இல்லை அது. ஒவ்வொன்றும் ஒரு நாக்கு. ஆகவே கொம்பையாவின் அப்பன், பாட்டன், பாட்டனுக்கும் பாட்டன் எல்லோரும் அந்த வேலையைத்தான் பார்த்தார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வயிறு சேற்றில் படிய அடித்தண்ணீரை ருசி பார்க்க வேண்டும். பிறகு நடுத்தண்ணீர். கடைசியாக மேல்தண்ணீர். மூன்றும் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து ஊருக்குச் சொல்ல வேண்டும். 'உப்பு கூடுது, பிள்ளைகுட்டிக்காரங்க ஆத்துப் பக்கம் ஒதுங்குங்க' என்றால் எல்லோரும் ஒதுங்குவார்கள். 'புது வெள்ளம் வருது, அடியில பதுங்குங்க' என்றால் பதுங்குவார்கள்.

கரையில் இருந்த மனிதர்களும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். அவர்கள் கயிறு திரிக்கிற ஜனம். தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். மட்டை அழுகி நார் பிரிந்த பிறகு, குழித் தண்ணீரைக் காயலுக்குள் திறந்துவிட்டு மட்டையை வெளியே எடுப்பார்கள். திறப்பதற்கு முன்னால் கரையில் நின்று, 'அண்ணாச்சி, விடலாமா?' என்று கொம்பையாவைக் கேட்க வேண்டும். அவன் 'விடு' என்றால் விடுவார்கள். 'பொறு' என்றால் பொறுப்பார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் இருந்த ஒப்பந்தம் அது.

கொம்பையாவின் மீசையைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குறையெல்லாம் அந்த மீசைக்கு நடுவில் இருந்த வாயில்தான். ருசி சொல்லி முடித்தால் கீழே போக வேண்டியதுதானே? போக மாட்டான். மேலேயே நின்று கதை விட ஆரம்பித்துவிடுவான்.

"எங்க பாட்டனார் ஒரு தடவை கொட்டாவி விட்டாரு. அன்னைக்குத்தான் கடல் ரெண்டு முழம் வத்திச்சு!"

"பொறவு ஏப்பம் விட்டிருப்பாரே வே, அதுதான் அலையோ?" என்று கல்லிடுக்கிலிருந்து நண்டு கேட்கும்.

இறால் விழுந்து விழுந்து சிரிக்கும். மடவை, "ஆமா, ஆமா, நானும் கேள்விப்பட்டேன்" என்னும். கொம்பையாவுக்கு அதுதான் சோறு, அதுதான் குழம்பு.

அவனுடைய பெண்டாட்டி பேர் முப்பிடாதி. குறைவாகப் பேசுகிறவள். முதல் தடவை அவள் முட்டையிட்டபோது வெள்ளம் வாரிக்கொண்டு போனது. இரண்டாம் தடவை விலாங்கு தின்று தீர்த்தது. மூன்றாம் தடவை, காயலின் ஆழத்தில் சாய்ந்து கிடந்த பனங்கட்டைக்கு அடியில் குழி பறித்து முட்டையிட்டாள். சுண்டைக்காய் அளவு முட்டைகள், பழுத்த வேப்பம்பழ நிறம். இட்டு முடித்தபோது அவள் உடம்பில் முள்ளும் தோலும்தான் மிச்சம்.

"நான் இரை தின்னு நாளாச்சு. பொழி அடைக்கிறதுக்குள்ள கடலுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். "குழியை விட்டு அசையாதீங்க."

"அசைவேனா?"

"பேச ஆள் கிடைச்சா அசைவீங்க."

"ஏட்டி, எம் பிள்ளைகளை விடவா எனக்குப் பேச்சு?"

முப்பிடாதி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். வாலால் முட்டைகளுக்கு மெல்ல ஒரு விசிறு விசிறிவிட்டுப் போனாள். அவள் போன சில நாளில் கடல் மணலை வாரிப் போட்டுப் பொழியை அடைத்தது. அவள் அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம்.

கொம்பையா முதலில் ஒழுங்காகத்தான் காவல் இருந்தான். வாலால் விசிறினான். ஊசிபோல முளைத்த முள்ளைக் காட்டி விலாங்கை விரட்டினான். பொழுது போகாமல் முட்டைகளுக்கே கதை சொன்னான். பாட்டனார் கொட்டாவி விட்டதைச் சொன்னான். திமிங்கிலத்துக்குப் பெண் பார்க்கப் போனதைச் சொன்னான். முட்டைகள் கேட்டுக்கொண்டுதான் கிடந்தன. ஆனால் 'ம்' கொட்டவில்லை. கதை சொல்கிறவனுக்குப் பசி தாங்கும், வெயில் தாங்கும். 'ம்' கொட்ட ஆளில்லாத காது மட்டும் தாங்காது. 'ஒரு எட்டு மேல போயிட்டு வந்துருவோம்' என்று கிளம்பினான். அந்த ஒரு எட்டு மறுநாள் இரண்டாயிற்று. பிறகு அவன் கீழே வருவதுதான் எட்டிப்பார்ப்பது என்றாகிவிட்டது.

வெயில் ஏறியது. அடைந்து கிடந்த காயல் சூடு கண்டது. அடித்தண்ணீர் அசையாமல் கனத்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கோடை மழை பெய்தது. மழைத் தண்ணீர் அடியில் இருந்த உப்புத் தண்ணீரோடு கலக்காமல், பாயில் விரித்த வேட்டிபோல மேலே மெல்லிசாகப் படர்ந்து நின்றது.

மறுநாள் காலையில் கரையில் மாடத்தி வந்து நின்றாள். மட்டைக் குழிகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். கையில் மண்வெட்டி.

"அண்ணாச்சி! மழையில குழியெல்லாம் தளும்பி நிக்கு. இன்னும் போட்டா நார் மக்கிரும். திறந்து விடலாமா?"

கொம்பையா அப்போது கதையின் நடுவில் இருந்தான். பாட்டனார் சந்திரனை மீசையில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். நண்டும் இறாலும் மடவையும் சுற்றி நின்றார்கள். நடுவில் விட்டுவிட்டு அடிவரைக்கும் போய் வந்தால் கேட்கிறவர்கள் கலைந்துவிடுவார்கள். கொம்பையா இருந்த இடத்திலேயே ஒரு மீசையைத் தண்ணீரில் ஆட்டினான். மழைத் தண்ணீர், இளநீர் மாதிரி இனித்தது.

"தேனா இருக்கு. விடு தாயி."

மாடத்தி தயங்கினாள். "அடியில பாத்தியளா அண்ணாச்சி? பொழி வேற அடைச்சுக் கிடக்கே."

"எம் மீசைக்குத் தெரியாத அடியா? விடு தாயி, விடு. நான் பாட்டனாரைச் சந்திரனோட நடுவழியில நிப்பாட்டி வச்சிருக்கேன்."

இறால் சிரித்தது. மடவை 'ஆமா' போட்டது. மாடத்தி குழியின் வரப்பை வெட்டினாள்.

குழித் தண்ணீர் வந்தது. கரியைக் கரைத்துவிட்ட மாதிரி நிறம், கூழ் முட்டை நாற்றம். உப்பும் அழுக்கும் ஊறிக் கனத்த தண்ணீர் அது. அதனால் மேலே பரவவில்லை. மழைத் தண்ணீருக்கு அடியில் நழுவி, சாரைப்பாம்புபோல ஆழத்தைப் பார்த்து இறங்கியது. மேலே ஒரு சுருக்கம் விழவில்லை. கொம்பையா சந்திரனை மீண்டும் இழுக்க ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வந்த கூட்டம் அதுவரைக்கும் அவன் ஆயுசில் கண்டதில்லை. அடிச்சேற்றை விட்டு வராத உளுவை மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்றன. ஒருநாளும் அவனை மதிக்காத விலாங்கு வந்தது. நண்டுகள் குஞ்சும் குளுவானுமாகக் கரையேறி, கல்லில் வரிசையாக உட்கார்ந்தன. வந்த அத்தனை மீனும் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி, ஆவென்று வாயைப் பிளந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

'ஆகா! வாய் பிளந்து கேக்காங்க' என்று கொம்பையா பூரித்துப்போனான். இந்தக் கூட்டத்துக்குச் சின்னக் கதை போதாதென்று பாட்டனாரைச் சூரியனிடமும் அனுப்பினான். சுருக்கமாக முடிய வேண்டியதை இழுத்தான். ஒருத்தர் கலையவில்லை. ஒருத்தர் குறுக்கே பேசவில்லை.

அந்தக் குறுக்கே பேசாததுதான் அவனை முதலில் உறுத்தியது.

"என்ன வே நண்டு, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலியா? சூரியனுக்கே வேர்த்துச்சுன்னு சொல்லுதேன்!"

நண்டு பதில் சொல்லவில்லை. அதன் வாயில் நுரை தள்ளியிருந்தது.

கொம்பையா இறாலைப் பார்த்தான். சும்மாவே சிரிக்கிற இறால் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தபடியே மெதுவாக ஒருபக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவர்கள் கதை கேட்க வந்தவர்கள் இல்லை. மூச்சுக்கு வந்தவர்கள். வாய் பிளந்தது வியப்பில் இல்லை.

கொம்பையா ஒரு மீசையைக் கீழே தொங்கவிட்டான். தீயில் வைத்ததுபோல அது சுருண்டது. தண்ணீர் இருக்கிறது, தண்ணீருக்குள் இருக்க வேண்டிய உயிர் இல்லை. அடுத்த நொடி அவன் தலைகீழாகப் பாய்ந்தான்.

கீழே பகலே இல்லை. செவுள் எரிந்தது. மீசைகளால் தடவிக்கொண்டுதான் போனான். அளந்து பேசுகிற மட்டி வாய் அகலத் திறந்து கிடந்தது. சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லப் பார்த்ததோ என்னவோ. பனங்கட்டை தட்டுப்பட்டது. அடியில் குழி. குழிக்குள் அவன் பிள்ளைகள்.

ஓரத்தில் கிடந்த முட்டைகள் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தன. நடுவில் இருந்தவை இன்னும் துடித்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகளவு இரண்டு கண்.

வாலால் விசிறினான். கருப்புத் தண்ணீரைத்தான் கருப்புத் தண்ணீர் தள்ளியது. துடுப்பால் அணைத்துத் தூக்கப் பார்த்தான், முட்டை வழுகியது. "யாராவது வாங்களேன்! எம் பிள்ளைகளைத் தூக்குங்களேன்!" என்று அலறினான். காயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரல் அது. கேட்டு வருவதற்குக் கீழே ஒருத்தருமில்லை.

அப்படி அலறி மூச்சை இழுத்தபோது ஒரு முட்டை அவன் வாய்க்குள் வந்துவிட்டது. பதறித் துப்பப் போனான். நாக்கில் அது மெல்ல அசைந்தது. உள்ளே ஒரு சின்ன உயிர், அப்பனின் நாக்கை முட்டிப் பார்த்தது.

அதுவரைக்கும் கெளுத்தியின் வாய்க்குத் தெரிந்தது இரண்டே வேலை. தின்பது, பேசுவது. கொம்பையா அந்த வாயைத் திறந்து, துடிக்கிற முட்டைகளை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டான். கன்னம் உப்பியது. தொண்டை வரைக்கும் நிறைந்தது. வெளுத்துப்போனவற்றையும் மீசையால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்தான்.

மேலே மாடத்தி இரண்டாவது குழியின் வரப்பில் மண்வெட்டியோடு நின்றாள். அது பெரிய குழி, முதல் குழியைப்போல நாலு மடங்கு.

"அண்ணாச்சி! அடுத்ததையும் விட்டுரட்டா?"

ஒரே ஒரு சொல் போதும், 'விடாதே'. மேலே மிஞ்சியிருந்த நல்ல தண்ணீர் ஒரு சாண்கூட இல்லை. அதில்தான் காயல் முழுக்க நின்று மூச்சு வாங்குகிறது. பெரிய குழியும் திறந்தால் அதுவும் போய்விடும். ஆனால் 'விடாதே' என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பிள்ளைகள் கொட்டிப்போய் அந்தக் கருப்புக்குள் விழும். விழுந்தால் மறுபடியும் பொறுக்க அவனுக்குத் தெம்பும் இல்லை, அவற்றுக்கு உயிரும் இருக்காது.

கொம்பையா வாயை இறுக்கிக்கொண்டான்.

"என்ன அண்ணாச்சி, கேக்கலியா? அடுத்ததை விடட்டான்னு கேட்டேன்."

அவன் பேசவில்லை.

"ஊருக்கு முந்திப் பேசுத ஆளு... வாயில என்ன கொழுக்கட்டையா?" மாடத்தி சிரித்துக்கொண்டே மண்வெட்டியை ஓங்கினாள்.

கொம்பையா பாய்ந்து வந்து, வரப்பை ஒட்டிய வாய்க்காலில், அவள் வெட்டு விழுகிற இடத்தில் குறுக்காகப் படுத்துக்கொண்டான். பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே. முதுகு முள் விறைத்து நின்றது. வெட்டினால் அவன்மேல்தான் விழ வேண்டும்.

ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது.

மாடத்தி குனிந்து பார்த்தாள். உப்பிய கன்னம். இமைக்காத கண். பேச்சை நிறுத்தவே தெரியாத ஒருத்தன், கொல்ல வருகிற இரும்புக்கு முன்னால் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் கிடக்கிறான். அவள் மெல்ல நிமிர்ந்து காயலைப் பார்த்தாள். ஆயிரம் வாய்கள் வானத்தைப் பார்த்துத் திறந்து திறந்து மூடுவது அவள் கண்ணில் பட்டது. நாற்றம் அப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது.

"அய்யோ! நீங்க விடுன்னு சொன்னியளே அண்ணாச்சி..." என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. காற்றுப்போல வந்தது.

மாடத்தி மண்வெட்டியோடு பொழியைப் பார்த்து ஓடினாள். ஓடும்போதே கூப்பிட்டாள். கயிறு திரித்த கைகள் எல்லாம் திரியை விட்டுவிட்டு ஓடி வந்தன. வெயிலில் நின்று மணலை வெட்டினார்கள். கை பொத்துப் போனது. பொழுது சாய்வதற்குள் ஒரு விரல்கடை அளவுக்குக் கடல் கசிந்தது. கசிந்தது ஓடையாயிற்று. ஓடை உடைத்துக்கொண்டு திறந்தது. காயல் தன் கருப்பைக் கடலில் கொட்டியது. பிறகு அலை திரும்பி, பச்சைத் தண்ணீர் உள்ளே வந்தது. தப்பியவை தப்பின. தப்பாதவை கரையோரம் வெள்ளை வரியாக ஒதுங்கிக் கிடந்தன.

அந்த முதல் அலையோடு முப்பிடாதி வந்தாள். உடம்பு தேறியிருந்தது. நேரே பனங்கட்டைக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"பிள்ளைங்க எங்க?"

கொம்பையா பேசவில்லை.

"குழியில வெளுத்ததுதான் கிடக்கு. பிள்ளைங்க எங்க?"

பேசவில்லை.

"இப்பமாவது பேசுங்களேன்! ஊருக்கெல்லாம் பேசின வாய்தானே!" முப்பிடாதி வாலால் அவன் விலாவில் அடித்தாள். இன்னொரு தரம் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான், வாயை மட்டும் திறக்கவில்லை. அடித்து ஓய்ந்து, அவள் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். புதுத் தண்ணீர் இருவரையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

அப்போது கொம்பையா வாயை ஒரு நூலளவு திறந்தான்.

முப்பிடாதி ஒரு மீசையை உள்ளே விட்டாள். இருட்டில், ஏதோ ஒன்று அதை மெல்ல முட்டியது. பக்கத்திலிருந்து இன்னொன்று முட்டியது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மீசையை வெளியே எடுத்தாள்.

"மூடிக்கிடுங்க" என்றாள்.

அவன் மூடிக்கொண்டான். முட்டை பொரித்தது, குஞ்சு வாயிலேயே கிடந்தது. நிலா தேய்ந்து வளர்ந்து மறுபடி தேய்ந்தது. வாய்க்கு முன்னால் இரை வந்து நின்றாலும் அவன் தொடவில்லை. தலை பெருத்து உடம்பு சிறுத்துப்போனான். பிள்ளைகள் தானாக நீந்திப் போகிற நாள் வந்ததும், எல்லோரிடமும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நண்டின் கல்லுக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து 'கொர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நண்டு அதற்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை. தன் இடுக்கில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு நிழல் விட்டது. காயலில் பேச்சே மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது அதற்குப் பிறகுதான்.

அன்று முதல்தான் கடல் கெளுத்தியில் அப்பன் பிள்ளைகளை வாயில் சுமக்கிறான், சுமக்கிற நாளெல்லாம் பட்டினி கிடக்கிறான். அன்று முதல்தான் பிடித்துத் தூக்கினால் கெளுத்தி 'கொர்ர்' என்கிறது, அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல ஆளில்லாததால், அன்று முதல்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காட்டுகின்றன. பார்க்கிற கண்ணுக்கு அதுதான் செய்தி.

கேட்டாயிற்று அல்லவா, எழுந்து போங்கள். வேண்டுமானால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நல்லதுதான். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். இத்தனை பேசுகிற வாய்க்கு மூடத் தெரியவில்லையா என்று கேட்டுவிடுவார்கள்.